கேட்பவர் இல்லாத கேள்விகள்
இணைய வினா-விடைத் தளங்கள் குறித்து ஒரு விமர்சனக் குறிப்பு

கடந்த இதழின் விவாதப் பக்கத்தில் நண்பரொருவர் எழுதியிருந்த கட்டுரை எனது இரண்டு வாரத் தூக்கத்தைக் கெடுத்தது. (இரவு வேலைக்காரனின் தூக்கம் பகலில் களவெடுப்பது. அதையும் கெடுப்பவர்மீது கோபம் வருவது இயல்பு.) அவருடைய வாதத்தின் சாரம் இதுதான்: எம்மவரிடம் கேள்வி கேட்கும் பண்பாடு இல்லை. இருந்த கொஞ்சத்தையும் துவக்கு முனையில் அடக்கிவிட்டோம். மேற்கோ இணையத்தில் வினா-விடைத் தளங்களை நிறுவி, யாரும் யாரிடமும் எதையும் கேட்கலாம் என்ற ஜனநாயகத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. எனவே நாமும் அவற்றைப் பின்பற்றி இச்சஞ்சிகையில் ஒரு கேள்வி-பதில் பகுதியைத் தொடங்கவேண்டும்.

முதலிரண்டு கூற்றுக்களோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. கேள்வி கேட்டவர்களை மின்கம்பத்தில் கட்டிய ஊரிலிருந்து வந்தவன் நான். அதைக் கண்டும் காணாததுபோல் சைக்கிளில் போனவர்களில் ஒருவனும்கூட. எனது பிணக்கு மூன்றாவது கூற்றோடுதான். அந்தத் தளங்களை நண்பர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நான் பத்து வருடங்களுக்கு மேலாக உள்ளே கிடப்பவன். 1996 தொடக்கம் 2007 வரை ஊரில் கணிதம் கற்பித்தேன். அதன்பின் ஜேர்மனியில், பிளாஸ்ரிக்கை உருக்கி அச்சில் செலுத்தும் தொழிற்சாலையொன்றில் வேலை. கற்பித்தவனுக்கு வாய் சும்மா இருக்காது. வேலை முடிந்து வந்து, கோப்பியைப் போட்டுக்கொண்டு, முகம் தெரியாத மாணவர்களின் கணிதக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. சிலர் குடிக்கிறார்கள், சிலர் சீட்டாடுகிறார்கள். நான் இதைச் செய்கிறேன்.

முதலில் ஒரு விசயம். இது இணையம் கண்டுபிடித்த பண்பாடல்ல. 1691 இல் லண்டனில் ஜோன் டன்ரன் என்ற புத்தக வியாபாரி 'அதீனியன் மேர்க்குரி' என்றொரு தாளைத் தொடங்கினார். வாசகர்கள் பெயர் சொல்லாமல் கேள்வி அனுப்பலாம், கற்றோர் சங்கமொன்று பதில் தரும் என்பது ஏற்பாடு. சங்கம் என்று சொல்லப்பட்டது உண்மையில் டன்ரனும் ஒரு கணிதரும் ஒரு மதகுருவுமாக மூன்று பேர்தான். தேவைப்பட்டபோது இன்னொருவரிடமும் கேட்டுக்கொண்டார்கள். ஆறு வருடங்கள் அது ஓடியது. கேட்பவர் முகமில்லாதவர், பதிலளிப்பவர் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றுபவர், நடுவில் தாளை விற்றுக் காசு பார்ப்பவர் ஒருவர் என்ற மூன்று தரப்பும் அன்றே அமைந்துவிட்டன. எமது வார இதழ்களின் கேள்வி-பதில் பக்கங்களும் இதே கட்டுமானம்தான். குமுதத்தின் 'அரசு பதில்க'ளை வாசித்து வளர்ந்த எவருக்கும் அது விளங்கும்.

இணையம் சேர்த்த புதிய விசயம் கணக்கு. அதாவது, கேள்விக்கும் பதிலுக்கும் விலை குறித்தது. 2005 இல் தொடங்கிய யாஹூ அன்சர்ஸில் ஒரு கேள்வி கேட்க ஐந்து புள்ளிகள் செலவு. பதில் சொன்னால் இரண்டு வரவு. சிறந்த பதிலென்று தெரிவானால் பத்து. கேட்பவன் கடனாளி, சொல்பவன் சம்பாதிப்பவன். மாறாக, 2009 இல் நிறுவப்பட்ட கோரா 2018 இல் கேள்வி கேட்பவர்களுக்குக் காசு கொடுக்கும் திட்டமொன்றைக் கொண்டுவந்தது. பதில் எழுதுபவருக்கு அதில் ஒன்றுமில்லை, கேட்பவருக்கே கூலி. விளைவை ஊகிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை. பதில் எவருக்கும் தேவைப்படாத கேள்விகள் பெருகின. ஒரே கேள்வியில் நாட்டின் பெயரை மட்டும் மாற்றி நூறு கேள்விகள். இவ்விரண்டு ஏற்பாடுகளும் ஒன்றுக்கொன்று தலைகீழானவை. ஆனால் கேள்வி என்பது ஒரு மனிதர் இன்னொருவரிடம் தனது அறியாமையை ஒப்புக்கொள்ளும் செயல் என்பதை இரண்டுமே மறந்துவிட்டன.

இவற்றுக்கிடையில் வேறுபட்டு நின்றது 2008 இல் ஜெஃப் அற்வூட், ஜோல் ஸ்போல்ஸ்கி ஆகிய இருவரும் தொடங்கிய ஸ்ராக் ஓவர்ஃபுளோ. கணினி நிரல் எழுதுபவர்களுக்கானது. பின்னர் கணிதம், பௌதிகம், சமையல், மொழிகள் என்று அதன் கிளைகள் விரிந்தன. இதை நான் மதிக்கிறேன். ஆகவே எனது விமர்சனமும் பெரும்பாலும் இதைப்பற்றியதே. மதிப்பில்லாததை விமர்சிப்பது நேரத்தை வீணாக்குவது.

அதன் நோக்கம் பலர் நினைப்பதுபோல் கேட்டவருக்கு உதவுவதன்று. நாளைக்கு அதே சந்தேகத்தோடு தேடுபொறி வழியாக வந்து விழப்போகும் ஆயிரம் பேருக்காக ஒரு நூலகம் கட்டுவது. இன்று கேட்பவர் அந்த நூலகத்துக்குச் செங்கல் கொண்டுவருபவர், அவ்வளவுதான். இதை ஏற்றுக்கொண்டால் மற்ற விதிகளெல்லாம் தாமாகவே விளங்கும். கேள்வியின் தொடக்கத்தில் வணக்கம் சொன்னால் யாராவது வந்து வெட்டிவிடுவார். முடிவில் நன்றி சொன்னால் அதையும் வெட்டிவிடுவார். ஏனெனில் ஆயிரமாவது வாசகருக்கு உங்கள் வணக்கம் தேவையில்லை. முன்னரே கேட்கப்பட்ட கேள்வியென்றால் பழையதைச் சுட்டி மூடிவிடுவார்கள். அபிப்பிராயம் கேட்டால் மூடிவிடுவார்கள். தெளிவில்லையென்றாலும் மூடிவிடுவார்கள். பதிலுக்கு ஒரு மேல்வாக்கு விழுந்தால் பத்துப் புள்ளி, கீழ்வாக்கு விழுந்தால் இரண்டு கழிவு. மூவாயிரம் புள்ளி சேர்ந்தால் மற்றவர் கேள்வியை மூட வாக்களிக்கும் உரிமை கிடைக்கும். எனக்கு எப்போதும் வியப்பூட்டும் விதி இன்னொன்று: புதிதாக வருபவர் எவருக்கும் பதில் எழுதலாம், ஆனால் ஐம்பது புள்ளி சேரும்வரை மற்றவரின் கேள்விக்குக் கீழே 'நீங்கள் இதில் எதைக் கருதுகிறீர்கள்?' என்று ஒரு குறிப்பு எழுத முடியாது. சொல்வதற்கு உரிமை உண்டு, விசாரிப்பதற்கு இல்லை! குப்பைக் குறிப்புகளைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்பது தெரியும். இருந்தும், விதி எழுதிய மனம் எதை மலிவாகவும் எதை அருமையாகவும் கருதியது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

*

எனது ஐயா ஒரு தமிழ்ப் பண்டிதர். கணிதம் படிக்கப்போன மகனை அவர் மன்னித்தாலும் நன்னூலைப் படிக்காமல் விடவில்லை. நாவலரின் காண்டிகையுரைப் புத்தகம் எங்கள் வீட்டில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் கேள்விகளை ஆறாக வகுத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. தனக்குத் தெரிந்ததையே ஆசிரியன் மாணவனிடம் கேட்பது அறிவினா. தெரியாமல் மாணவன் ஆசிரியனிடம் கேட்பது அறியாவினா. கடைக்காரரிடம் 'பயறு இருக்கிறதா?' என்பது வாங்குவதற்காகக் கேட்பது, கொளல். 'உனக்குச் சட்டை இல்லையா?' என்பது கொடுப்பதற்காகக் கேட்பது, கொடை. 'சாப்பிட்டாயா?' என்று தாய் அதட்டினால் அது போய்ச் சாப்பிடு என்ற ஏவல்.

இந்தப் பகுப்பில் நோக்கவேண்டியது ஒன்று. பவணந்தியார் கேள்வியை அதன் பொருளைக் கொண்டு வகுக்கவில்லை. யார், யாரிடம், எதற்காகக் கேட்கிறார் என்பதைக் கொண்டு வகுத்தார். 'இந்தச் சூத்திரத்தின் பொருள் என்ன?' என்ற ஒரே வாக்கியம் ஆசிரியர் வாயில் அறிவினா, மாணவன் வாயில் அறியாவினா. தளமோ கேள்வியை அதன் பொருளைக் கொண்டு மட்டுமே வகுக்கிறது. இது நுண்கணிதம், இது முக்கோணகணிதம், இது நிகழ்தகவு என்று சீட்டு ஒட்டி அலுமாரியில் வைக்கிறது. கேட்டவர் நாளைக்குப் பரீட்சை எழுதப்போகும் சிறுவனா, ஓய்வுபெற்ற பொறியியலாளரா, வீட்டுவேலையைப் பிறர் தலையில் கட்டப்பார்க்கும் சோம்பேறியா என்பது வெட்டியெறியவேண்டிய சங்கதி.

கேட்பவரை வெட்டினால் பாரபட்சம் ஒழியும் என்பார்கள். நியாயமான வாதம். சாதியும் ஊரும் விசாரித்துவிட்டே பதில் சொல்லும் சமூகத்திலிருந்து வந்தவன் இதை அலட்சியமாகத் தள்ளமுடியாது. முகவரியில்லாமல் கேட்கும் சுதந்திரம் பெரிய சுதந்திரம்தான். ஆனால் கேட்பவர் கேள்வியிலிருந்து முற்றாக நீக்கப்பட்ட இலக்கியவகை ஒன்றை நாம் ஏற்கெனவே அறிவோம். அதன் பெயர் வினாவிடை. மிசனரிமார் தமிழில் ஞானோபதேச வினாவிடைகளை அச்சிட்டுப் பரப்பினார்கள். நாவலர் அதே ஆயுதத்தை எடுத்துச் சைவ வினாவிடை எழுதினார். இரண்டிலும் கேள்வியை எழுதியவரும் பதிலை எழுதியவரும் ஒருவரே. பதிலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைதான் அங்கே கேள்வி. யாரும் உண்மையில் கேட்கவில்லை. மனனம் செய்தோம், ஒப்புவித்தோம், பரிசு வாங்கினோம். ஸ்ராக் ஓவர்ஃபுளோவில் ஒருவர் தானே கேள்வியையும் எழுதி, தானே பதிலையும் எழுதலாம். அனுமதிக்கப்பட்டது மட்டுமல்ல, ஊக்குவிக்கப்படுவதும்கூட. பலர் கேட்ட ஒரே சந்தேகத்தின் வெவ்வேறு வடிவங்களையெல்லாம் மூடி, ஒரு மாதிரிக் கேள்வியின்கீழ்க் கொண்டுவருவதும் அங்கே நற்செயல். சிலிக்கன் பள்ளத்தாக்கின் நவீனத்துவம் சுற்றிவளைத்து வண்ணார்பண்ணைக்கே வந்துசேர்ந்திருக்கிறது என்று பகிடியாகச் சொல்லலாம். பகிடியை விட்டுப் பார்த்தாலும் அது உண்மைதான்.

விடையைப்பற்றியும் நன்னூல் சொல்கிறது. எட்டு வகை. சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரடி விடைகள். மற்ற ஐந்தும் சுற்றிவளைத்தவை. 'இதைச் செய்வாயா?' என்று கேட்டால் 'நீயே செய்' என்பது ஏவல். 'செய்யாமல் விடுவேனோ?' என்பது வினாவுக்கு எதிர்வினா. 'உடம்பு நோகிறது' என்பது உற்றது உரைத்தல். 'உடம்பு நோகும்' என்பது உறுவது கூறல். 'மற்றதைச் செய்வேன்' என்பது இனமொழி. இந்த ஐந்தையும் இலக்கணகாரர் விடையென்றே ஏற்றுக்கொண்டார், ஏனெனில் கேட்டவருக்குப் பொருள் போய்ச்சேர்ந்துவிடுகிறது. தளத்தில் இவ்வைந்தும் பதிலாகா. 'எனக்கும் இப்படி நடந்தது' என்று எழுதினால் அழித்துவிடுவார்கள்.

இதைத் தொழிற்சாலையில் நினைத்துப் பார்த்தேன். நான் சேர்ந்த புதிதில் எனது இயந்திரத்திலிருந்து வந்த மூடிகளின் ஓரத்திலெல்லாம் பிசிறு. பக்கத்து இயந்திரத்துப் போலந்துக்காரரிடம் அரைகுறை ஜேர்மனில் கேட்டேன். அவர் காரணம் எதையும் சொல்லவில்லை. 'போன குளிர்காலத்தில் எனக்கு இப்படித்தான் வந்தது. இரண்டு நாள் அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அச்சின் முகத்தில் பழைய பிளாஸ்ரிக் துணுக்கொன்று ஒட்டியிருந்தது' என்றார். சுத்தமான உற்றது உரைத்தல். நான் போய் அச்சின் முகத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் பார்க்கும்போது வேறொன்றைக் கண்டேன், ஓரம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அவருடைய பதில் எனது பிரச்சினைக்குத் தவறான பதில், எனக்குச் சரியான பதில். எந்த வாக்கெடுப்பில் இதை ஏற்றுவது?

*

இனி நான் தயங்கித் தயங்கி எழுதும் பகுதி.

1999 அல்லது 2000 ஆக இருக்கவேண்டும். முதலாம் வருட வகுப்பு. தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் வரைவிலக்கணங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த தேற்றத்துக்குப் போய்விட்டேன். அடுத்த வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டார்: 'சேர், இரண்டிலும் அதே எழுத்துக்கள்தானே இருக்கு, என்ன வித்தியாசம்?' நான் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது. 'அது போன வகுப்பில் முடிஞ்ச விசயம். குறிப்பை எடுத்துப் பாரும்.' பையன்கள் சிரித்தார்கள். அந்த மாணவி அந்த வருடம் முழுவதும் வேறு கேள்வி கேட்கவில்லை. முன்னரே கேட்கப்பட்டது, மூடப்படுகிறது. ஸ்ராக் ஓவர்ஃபுளோ பிறப்பதற்கு எட்டோ ஒன்பதோ வருடங்களுக்கு முன்னரே நான் அந்தத் தொழிலைக் கற்றிருந்தேன்.

உண்மையில் அது அந்தப் பாடத்திலேயே சிறந்த கேள்வி. வரைவிலக்கணம் இரண்டும் ஒரு வினா-விடை விளையாட்டு. முதலாவதில் நீங்கள் நிற்கும் இடத்தையும், எவ்வளவு நெருக்கம் தேவை என்ற எப்சிலனையும் சொல்கிறீர்கள். நான் அந்த இடத்துக்கேற்ற டெல்ராவைத் தரவேண்டும். இரண்டாவதில் நீங்கள் எப்சிலனை மட்டும் சொல்வீர்கள். நீங்கள் எங்கே நின்றாலும் பொருந்தக்கூடிய ஒரேயொரு டெல்ராவை நான் முன்கூட்டியே தரவேண்டும். எழுத்துக்கள் அதே எழுத்துக்கள், வரிசைதான் மாறுகிறது. கேட்பவர் நிற்கும் இடம் பதிலுக்கு முன் வருகிறதா, பின் வருகிறதா என்பதே முழு வித்தியாசமும். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் 1/x என்ற சார்பை எடுத்தால், நடுவில் நிற்பவருக்கு டெல்ரா தாராளமாகக் கிடைக்கும். பூச்சியத்தின் ஓரத்துக்குப் போகப்போக அது சுருங்கிக்கொண்டே போகும், எல்லோருக்கும் பொதுவான ஒன்று கிடையாது. ஓரத்தில் நிற்பவர்களுக்குத் தனித்தனியாகத்தான் பதில் சொல்லவேண்டும்.

2014 இல் ஒரு தளத்தில் இதே கேள்வியை யாரோ ஒரு பிள்ளை கேட்டிருந்தது. நான் அதிகாலை இரண்டு மணித்தியாலம் இருந்து, மேலே சொன்னதைப் படங்களோடு எழுதினேன். முடித்து அனுப்பப்போகையில் கேள்வி மூடப்பட்டிருந்தது. பழைய கேள்வியொன்றைச் சுட்டியிருந்தார்கள். சுட்டப்பட்ட பதில் பிழையில்லாதது, சுருக்கமானது. அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே விளங்காமல் போன வரைவிலக்கணத்தையே அது இன்னொருமுறை சொன்னது. எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மூடியவர்களில் என்னையும் அடையாளம் கண்டுகொண்டேன், கோபம் வேறொன்றாக மாறியது. எழுதியதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மூடுபவர்களைக் கொடியவர்கள் என்று எழுதுவது இன்று மலிவான வழக்கம். 2018 இல் ஸ்ராக் ஓவர்ஃபுளோ நிறுவனமே தாங்கள் புதியவர்களை வரவேற்கும் இடமாக இல்லையென்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. ஆனால் நான் தொழிற்சாலைப் பட்டியின் கடைசியில் நின்று பழுதான மூடிகளைப் பொறுக்கியெறிந்தவன். எட்டு மணித்தியாலம் அந்த இடத்தில் நின்றால் நல்ல மூடியும் பழுதாகத் தெரியத் தொடங்கும். அது கையின் களைப்பு, குணக்கேடல்ல. அவர்களும் கூலியில்லாமல், நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் வரும் கேள்விகளுக்கு முன்னால் நின்றவர்கள். அவர்கள் பொறுக்கியிராவிட்டால் என்னவாகும் என்பதை யாஹூ அன்சர்ஸ் காட்டியது. அந்தத் தளம் 2021 மே 4 ஆம் திகதி மூடப்பட்டபோது உலகம் அதை ஒரு பகிடியாகவே வழியனுப்பியது. பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட மனிதர்களின் அறியாமை, குப்பையும் பொன்னுமாக, அத்தோடு திரையிலிருந்து போய்விட்டது. ஸ்ராக் ஓவர்ஃபுளோவில் எழுதியவையோ எவரும் பெயர்சொல்லி எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொது உரிமத்தின்கீழ் இருக்கின்றன. அந்த ஒரு காரணத்துக்காகவே பலர் அங்கு உழைத்தார்கள்.

உழைத்தார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். 2021 இல் அந்நிறுவனம் புரோசஸ் என்ற முதலீட்டுக் குழுமத்துக்கு 180 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. விற்கப்பட்டது என்ன? கட்டடமல்ல, இயந்திரமல்ல. பெயர் தெரியாத இலட்சக்கணக்கானோர் இரவுகளில் எழுதியவையும், அவற்றைத் தேடி வரும் கூட்டமும். புள்ளிகள் எழுதியவர்களிடமே இருந்தன, டொலர் வேறிடம் போனது. மார்க்சியம் பேசும் நண்பர்கள் இதில் உபரி எங்கே என்று என்னிலும் நன்றாகக் காட்டுவார்கள். நான் சொல்லவருவது அதற்கடுத்த கட்டம். 2022 நவம்பரில் சட்ஜிபிரி வந்தது. அடுத்த மாதமே, அது எழுதும் பதில்கள் பார்வைக்குச் சரிபோலவும் உள்ளே பிழையாகவும் இருக்கின்றன என்று ஸ்ராக் ஓவர்ஃபுளோ அவற்றைத் தடைசெய்தது. 2023 ஜூனில், இயந்திரப் பதிலென்று சந்தேகிப்பவற்றை நீக்குவதற்கிருந்த அதிகாரத்தை நிறுவனம் பெரிதும் கட்டுப்படுத்தியபோது, தொண்டர்களான நடுவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகஸ்ட்வரை அது நீடித்தது. கூலியில்லாதவர்களின் வேலைநிறுத்தம்! எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் இதைச் சொன்னபோது, பறிக்கக் கூலியே இல்லாதவர்களை முதலாளி எப்படி வெருட்டுவான் என்று கேட்டுச் சிரித்தார். 2024 மே மாதம் நிறுவனம் ஓப்பன்ஏஐயோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. எதிர்ப்பாகத் தமது சொந்தப் பதில்களை அழிக்க முயன்ற சிலர் இடைநிறுத்தப்பட்டார்கள், பதில்கள் மீட்டுவைக்கப்பட்டன. பொதுவுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கமுடியாது என்பது சட்டப்படி சரி. நூலகம் என்ற தர்க்கப்படியும் சரி. ஆனால் அவர்கள் கொடுத்தது மனிதர்கள் வந்து கேட்பார்கள் என்ற நம்பிக்கையில். மனிதர்களோ இன்று இயந்திரத்திடம் கேட்கப் போய்விட்டார்கள். அங்கே வரும் புதிய கேள்விகளின் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்திருக்கிறது.

எனது மகளும் இயந்திரத்திடம்தான் கேட்கிறாள். அது கேள்வியை மூடுவதில்லை, சிரிப்பதில்லை, நூறு தரம் கேட்டாலும் அலுப்பதில்லை. 'அப்பா, அது உங்களைவிடப் பொறுமை' என்றாள். மறுக்கமுடியவில்லை. எனது வகுப்பு மாணவிக்கு அப்படியொன்று இருந்திருந்தால் பட்டம் எடுக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்திருப்பார். எனவே இயந்திரத்தைச் சபிக்கும் புலம்பல் கோஷ்டியில் நான் இல்லை. ஆனால் ஒன்று போய்விட்டது. தளத்தில் ஒருவர் கேட்டு இன்னொருவர் சொல்லும்போது மூன்றாமவர் ஒருவர் வந்து 'பூச்சியத்தில் இது பொருந்தாதே' என்று கீழே எழுதுவார். எனது பதில்களில் மூன்று முழுப் பிழை என்று அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. அறையைச் சாத்திக்கொண்டு கேட்கும் கேள்விக்கு அந்த மூன்றாமவர் வரமாட்டார். அதே இரவில் அதே சந்தேகத்தோடு இருக்கும் இன்னொருவரும் உங்களைக் காணமாட்டார்.

விதியை மீறியதே பெரிதாகிய சம்பவமும் உண்டு. கணித ஆய்வாளர்களுக்கென 2009 இல் மத் ஓவர்ஃபுளோ என்றொரு தளம் தொடங்கியது. அங்கே அடுத்த வருடம், தான் மேதையல்லாத சாதாரணன், தன்னால் கணிதத்துக்கு என்ன பங்களிக்கமுடியும் என்ற பொருள்பட ஒரு மாணவர் கேட்டார். விதிப்படி பார்த்தால் மூடத்தக்க கேள்வி. அபிப்பிராயம் சார்ந்தது, ஆய்வுத்தரமற்றது, கேட்பவரின் துக்கம் முழுக்க அதில் ஒட்டியிருக்கிறது. பதில் எழுதியவர்களில் ஒருவர் வில்லியம் தேர்ஸ்ரன், 1982 இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர். கணிதத்தின் விளைபொருள் தேற்றங்களல்ல, மனிதர்களுக்குள் உண்டாகும் தெளிவும் விளக்கமுமே. அது ஒரு சமூகத்துக்குள்தான் உயிரோடிருக்கும் என்ற கருத்தை அவர் அங்கே எழுதினார். 2012 இல் அவர் காலமானார். அந்தப் பதிலை எங்கெங்கோ இருக்கும் கணிதக்காரர் இன்றும் ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். நூலகத்துக்குரியதல்லாத கேள்விக்கு வந்த பதில் அது.

*

தமிழில் இத்தகைய தளம் உண்டா என்றால், கோரா தமிழிலும் இயங்குகிறது. நல்லவர்கள் சிலர் பொறுமையாக எழுதுகிறார்கள். ஆனால் அங்கே அறியாவினாவைக் காண்பது அருமை. 'எங்கள் சாதியின் பெருமை என்ன?' என்பது அறிவினாவும் அல்ல, அறியாவினாவும் அல்ல. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கைதட்டலுக்குக் கேட்பது. பவணந்தியாருக்கு ஏழாவது வகையொன்று தேவைப்பட்டிருக்கும். கொரியாவில் நிலைமை வேறு. அங்கே இணையத்தில் தேடினால் கொரிய மொழியில் அதிகம் கிடைக்காத காலத்தில், 2002 இல், நேவர் நிறுவனம் மக்களையே கேட்கவும் சொல்லவும் வைத்தது. தேடக்கூடிய கொரிய எழுத்து அப்படிப் பெருகியது. ஸ்ராக் ஓவர்ஃபுளோவும் போர்த்துக்கீசம், ரஷ்யம், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் தனித்தளங்களை அமைத்தது. எமது பிள்ளைகள் கேட்பது டொச்சிலும் ஆங்கிலத்திலும். நானே பத்து வருடமாக ஆங்கிலத்தில்தான் பதில் எழுதினேன். தமிழில் எழுதிய கணிதப் பதில் ஒன்றுகூட இல்லை. இதை நண்பரின் குற்றச்சாட்டோடு சேர்த்து எனது கணக்கிலும் எழுதிக்கொள்ளலாம்.

எங்களில் பலருக்கு வெளிநாட்டில் கிடைத்த முதலாவது கேள்வி-பதில் அகதி விசாரணை மேசையில். பதிலைத் தெரிந்துகொள்ளாமல், நாக்குப் பிசகுவதைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. ஒரே கேள்வி மூன்று தரம். எனக்கு எங்களூர் பஸ்ஸின் இலக்கம் மறந்துபோனது. பதினாறு வருடம் ஏறி இறங்கிய பஸ். அதன்பின் எவர் என்ன கேட்டாலும், இவர் ஏன் கேட்கிறார் என்றுதான் எம்மவர் மனம் முதலில் ஓடுகிறது. நண்பர் சொல்லும் 'கேள்விப் பண்பாட்டின் இன்மை'க்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்க்கவேண்டும்.

ஆகவே இச்சஞ்சிகையில் கேள்வி-பதில் பகுதி வேண்டுமா என்றால், வேண்டும். சில நிபந்தனைகளோடு. கேள்வியைத் திருத்தாமல், வணக்கத்தோடும் தடுமாற்றத்தோடும், எந்த ஊரிலிருந்து என்ன வேலை செய்பவர் கேட்கிறார் என்பதை அவர் விரும்பினால் சேர்த்து அச்சிடவேண்டும். பதில் சொல்ல ஆசிரியர் குழுவுக்கு உரிமையில்லை, வாசகர்கள்தான் சொல்லவேண்டும். பதில் வராத கேள்வியை அடுத்த இதழில் மறுபடி போடவேண்டும். முன்னரே கேட்கப்பட்டது என்ற வசனம் இப்பக்கங்களில் வரக்கூடாது. மூன்று மாதத்துக்கொருமுறை வரும் சஞ்சிகையில் எமக்கு ஒரேயொரு வசதி உண்டு, அவசரமில்லை.

முதலாவது கேள்வியை நானே அனுப்புகிறேன். பெயர், ஆசிரியர் குழுவுக்குத் தெரியும். தொழில், பிளாஸ்ரிக் மூடி செய்வது. சீரான தொடர்ச்சியை, எப்சிலன் டெல்ரா என்ற எழுத்துக்களில்லாமல், பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தமிழில் விளங்கவைத்தவர் யாராவது இருக்கிறீர்களா? எப்படிச் சொன்னீர்கள்?